12 கோழிக்குப் பெரிய கூண்டு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: வீட்டின் பின்புறத்தில் 12 முட்டைக்கோழிகள் வளர்க்க வேண்டும். "15 கோழிகள் வரை" என்று விளம்பரம் செய்யும் ஒரு கூண்டு கண்ணில் பட்டிருக்கிறது. அதில் இடம் போதுமா? தானியங்கிக் கதவு, சக்கரம், இழுத்துச் சுத்தம் செய்யும் தட்டு என்று ஏகப்பட்ட வசதிகள் சொல்கிறார்கள். இவற்றில் எவை உண்மையில் பயன்படும்?

முதலில் அந்த "15 கோழிகள்" கணக்கை மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் கோழிகள் இரவில் நெருக்கியடித்து உட்கார்ந்தால் எத்தனை கொள்ளும் என்ற கணக்கு. முட்டைப் பெட்டியின் பரப்பையும் வெளியே வலை அடித்த இடத்தையும் சேர்த்துக் கூட்டிச் சொல்பவர்களும் உண்டு. நான் பார்த்தவரை, அட்டைப்பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் கூண்டுகளில் போட்டிருக்கும் எண்ணைப் பாதியாக்கினால் ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் வரும். எண்ணைப் பார்க்காதீர்கள், அளவைக் கேட்டு வாங்குங்கள். உள்தரையின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? அதைச் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

கணக்கு சுலபம். நடுத்தர உடம்புள்ள ஒரு கோழிக்குக் கூண்டின் உள்ளே 4 சதுர அடி, வெளியே வலை அடைத்த முற்றத்தில் 10 சதுர அடி. உங்கள் 12 கோழிக்கு உள்ளே 48 சதுர அடி, அதாவது 6க்கு 8 அடி. முற்றம் 120 சதுர அடி, 8க்கு 15 அல்லது 10க்கு 12. பகலில் தோட்டம் முழுக்க அவிழ்த்துவிடுவீர்கள் என்றால் முற்றத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் நான்கு நாள் விடாமல் மழை பெய்தாலும், நோய் பரவுகிறது என்று அடைத்தே வைக்க வேண்டி வந்தாலும் அந்த இடம்தான் அவற்றுக்கு உலகம். நெருக்கடி வந்தால் முதலில் தெரிவது நோய் அல்ல, சண்டை. பலவீனமான கோழியின் முதுகிலும் வாலடியிலும் இறகு பிடுங்கப்பட்டிருக்கும். ரத்தம் பார்த்துவிட்டால் மற்றவை விடாமல் கொத்தும். கொத்துகிற கோழியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களின் கூண்டை அளந்து பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று, கோழி வளர்ப்பவர்களுக்கு 12 என்பது 12ஆகவே நிற்பதில்லை. ஒன்று அடைக்கு உட்காரும், யாராவது இரண்டு குஞ்சு கொடுப்பார்கள், அடுத்த ஆண்டு 18 இருக்கும். இடம் இருந்தால் இப்போதே ஒரு சுற்று பெரிதாக வாங்கிவிடுங்கள்.

சரி, அளவு முடிந்தது. அடுத்தது உங்கள் முதுகு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரிய கூண்டு வாங்கும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஒரு வளர்ந்த ஆள் நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியுமா என்பதைத்தான். ஒரு கோழி நாளைக்குச் சுமார் 100 முதல் 150 கிராம் எச்சம் போடும். 12 கோழிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை கிலோ, ஆண்டுக்கு அரை டன். இந்த அரை டன்னும் உங்கள் கையால்தான் வெளியே வர வேண்டும். நான் முதலில் வாங்கியது இடுப்பு உயரக் கூண்டு. பார்க்க பொம்மை வீடு மாதிரி இருந்தது, சாய்கூரை, சின்ன ஜன்னல் எல்லாம் வைத்து. பின் மூலையைச் சுரண்ட வேண்டுமென்றால் முழங்காலில் ஊர்ந்து, தலையை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்ட வேண்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறை செய்தேன். அப்புறம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அப்புறம் கேட்காதீர்கள். கை எட்டாத மூலையை எவரும் தொடர்ந்து சுத்தம் செய்ய மாட்டார்கள். ஈ, நாற்றம், உண்ணி, மூச்சு நோய் எல்லாம் அந்த மூலையிலிருந்துதான் கிளம்பும்.

ஆகவே உள் உயரம் ஆறடிக்குக் குறையக் கூடாது, ஆறரை இருந்தால் நல்லது. கதவு, கூளம் (தரையில் பரப்பும் மரத்தூள், வைக்கோல் போன்றவை) அள்ளும் ஒற்றைச் சக்கர வண்டி நுழையும் அகலம் இருக்க வேண்டும், அதாவது இரண்டரை அடிக்கு மேல். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால் கூளம் குவிந்து தடுக்கும். வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு பலகையைச் செருகி எடுக்கிற மாதிரி அமைப்பு இருந்தால் கூளம் வெளியே சரியாது, அள்ளும் நாளில் பலகையை உருவிவிட்டு நேராக வழித்துவிடலாம். இதெல்லாம் விளம்பரப் படத்தில் தெரியாத சங்கதிகள். தினமும் கை படுவது இவற்றில்தான்.

காற்றோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் விற்கிற கூண்டுகளில் பெரும்பாலானவை தோற்பது இங்கேதான். கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். சூட்டைப் பெரும்பாலும் மூச்சின் வழியாகத்தான் தணிக்கும், வெயில் காலத்தில் வாயைத் திறந்து இரைப்பது அதற்குத்தான். அந்த மூச்சிலும் ஈரம், எச்சத்திலும் ஈரம். எச்சம் மட்கும்போது அமோனியா கிளம்புகிறது. சூடான, ஈரமான இந்தக் காற்று மேலே எழும். மேலே வழி இல்லையென்றால் கூரையடியில் முட்டி, குளிர்ந்து, நீராகக் கோத்துத் திரும்பக் கூளத்தில் சொட்டும். பனி விழும் ஊர்களில் கொண்டை உறைந்து கருகுவதற்குக் குளிரைவிட இந்த ஈரம்தான் பெரிய காரணம். குளிருக்குப் பயந்து ஓட்டையெல்லாம் அடைப்பவர்கள் கோழிக்கு உதவுவதாக நினைத்து அதற்கு எதிரான வேலையைச் செய்கிறார்கள். இறகு முளைத்த, உலர்ந்து இருக்கிற கோழி நல்ல குளிரையும் தாங்கும்.

ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி காற்றுவழி என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் பழகிய கணக்கு. உங்களுக்கு 12 சதுர அடி. இரண்டு எதிரெதிர்ச் சுவர்களில் கூரையை ஒட்டி நீளவாக்கில் இருந்தால் நல்லது. முக்கியமானது உயரம். கோழி இரவில் அடையும் கட்டையில் உட்கார்ந்திருக்கும்போது அதன் தலைக்கு மேலே காற்று ஓட வேண்டும், அதன் முகத்திலும் முதுகிலும் நேராக அடிக்கக் கூடாது. வெயில் காலத்துக்குக் கீழ்மட்டத்தில் பெரிய ஜன்னல்கள் இருக்கலாம், மூடித் திறக்கிற மாதிரி. மேலே உள்ள வழிகளை மட்டும் எந்தக் காலத்திலும் மூடாதீர்கள். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் குனிந்து, கோழியின் தலை மட்டத்தில் ஒரு மூச்சு இழுத்துப் பாருங்கள். மூக்கில் சுருக்கென்று ஏறினால் போதாது என்று அர்த்தம். அமோனியா பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். கண் கரிக்கிற அளவுக்கு வந்துவிட்டால் எந்த மீட்டரும் வேண்டாம்.

விற்பவர் "கோழி வலை அடித்திருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னால் உஷாராகுங்கள். அறுகோணக் கண் உள்ள அந்த மெல்லிய வலை கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு, எதையும் வெளியே நிறுத்தாது. நாய் ஒரு இழுப்பில் கிழிக்கும். கீரி, மரநாய் மாதிரி ஒல்லியானவை கண்ணுக்குள் கையை விட்டோ தலையை நுழைத்தோ வேலையை முடித்துவிடும். ஒரே இரவில் நான் ஐந்து கோழிகளை இழந்தது இந்த வலையை நம்பித்தான். வலை அறுந்த இடம் என் உள்ளங்கை அளவுகூட இல்லை. காலையில் போய்ப் பார்த்தபோது மீதிக் கோழிகள் கட்டையின் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டைகூட வரவில்லை.

வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ், துத்தநாகம் பூசியது, கம்பி ஒரு மில்லிமீட்டர் தடிமனாவது இருக்கட்டும். முற்றத்துக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒவ்வொரு காற்றுவழிக்கும் இதே வலைதான். அடித்திருக்கும் விதத்தையும் பாருங்கள். ஸ்டேப்பிள் ஊசியால் மட்டும் அடித்திருந்தால் நல்ல பலமுள்ள நாய் தள்ளினால் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வரும். வாஷர் போட்ட திருகு, அல்லது வலையின் மேல் பட்டைச் சட்டம் வைத்து முடுக்கியது, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும்.

தோண்டி வருகிறவற்றுக்கு ஒரு எளிய உபாயம் உண்டு. சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை, இரண்டு அடி அகலத்துக்கு அதே வலையைத் தரையில் படுக்கவைத்துச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். மேலே மண்ணோ கல்லோ போட்டால் போதும், புல் முளைத்து மூடிக்கொள்ளும். தோண்டும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டப் பார்க்கும். அங்கே வலை தடுக்கும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவது அபூர்வம். சில பெரிய கூண்டுகளில் இந்தப் பாவாடை வலை சேர்ந்தே வருகிறது. வந்தால் நல்லது, இல்லையென்றால் தனியாக வாங்கிப் போட்டுவிடுங்கள். முற்றத்துக்கு மேல்மூடியும் வேண்டும். பருந்துக்காக மட்டுமில்லை, காட்டுப் பறவைகள் உள்ளே வந்து தீவனத்தையும் தண்ணீரையும் பகிர்ந்துகொண்டால் பறவைக் காய்ச்சல் போன்றவை வர வழி கிடைக்கும். கூரைத் தகடு போட்டு மூடினால் மழைச் சேறும் இல்லை.

தாழ்ப்பாள் விஷயத்தில் சாதாரணக் கொக்கி வேண்டாம், தூக்கினாலோ தள்ளினாலோ திறந்துகொள்ளும். இரண்டு வேறுபட்ட அசைவு செய்தால்தான் திறக்கும் பூட்டு, அல்லது தாழ்ப்பாள் துளையில் ஒரு ஸ்பிரிங் கொக்கி மாட்டுவது நல்லது. முட்டைப் பெட்டியின் வெளிமூடிக்கும் அதே பூட்டு போடுங்கள். பலர் பெரிய கதவைப் பலமாகப் பூட்டிவிட்டு அந்தச் சின்ன மூடியைச் சும்மா சாத்தி வைப்பார்கள்.

அடையும் கட்டைக்கு வருவோம். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல நீளம், பெரிய ரகங்களுக்கு ஓர் அடி. 6 அடிக் கட்டை இரண்டு இருந்தால் உங்களுக்குத் தாராளம். மூன்று, நான்கு அங்குல அகலத் தட்டைச் சட்டமாக, முனைகள் உருட்டப்பட்டு இருக்கட்டும். கோழி தட்டையாக உட்கார்ந்தால் வயிற்று இறகு விரல்களை மூடிக்கொள்ளும், குளிரில் அதுதான் அதற்குப் போர்வை. உருண்டையான மெல்லிய குச்சியோ பிளாஸ்டிக் குழாயோ வேண்டாம். கட்டை கண்டிப்பாக முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கோழிகள் இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடி அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதில் தூங்கும், தூங்குகிற இடத்தில் எச்சமிடும், காலையில் முட்டை அதன் மேல் விழும். அதே சமயம் கனமான ரகங்கள் அதிக உயரத்திலிருந்து தினமும் குதித்தால் பாதத்தில் அடிபட்டுப் புண்ணாகி வீங்கும். அவற்றுக்கு இரண்டடி உயரம் போதும், இல்லையென்றால் ஏணி மாதிரி படிப்படியாகக் கட்டைகள் வையுங்கள். ஒன்றுக்கு நேர் கீழே இன்னொன்று இருக்க வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

இழுக்கும் தட்டு பற்றிக் கேட்டீர்கள். எச்சத்தில் கணிசமான பங்கு இரவில் கட்டைக்கு அடியில்தான் விழுகிறது, ஆகவே யோசனை சரியானது. ஆனால் கூண்டோடு வரும் தட்டு பெரும்பாலும் மெல்லிய தகடு. ஒரு வருடத்தில் வளையும், துருப்பிடிக்கும், இழுக்கும்போது சிக்கும். கட்டைக்கு அரை அடி கீழே ஓரம் வைத்த ஒரு பலகையைப் போட்டு, மேலே கொஞ்சம் மரத்தூள் தூவி, காலையில் பெயின்ட் சுரண்டும் தகட்டால் வாளியில் வழித்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. தரைக் கூளத்தை மாற்றும் வேலை இதனால் வெகுவாகக் குறையும்.

முட்டைப் பெட்டி நான்கைந்து கோழிக்கு ஒன்று, உங்களுக்கு மூன்று. ஓர் அடிக்கு ஓர் அடி. ஆறு பெட்டி வைத்தாலும் அவை எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும், அது தனிக் கதை. வெளியிலிருந்து திறந்து முட்டை எடுக்கும் வசதி நல்லதுதான், ஆனால் மழை பெய்யும்போது மூடியின் கீல் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்க வேண்டும். தரை சாய்ந்து முட்டை தானாக உருண்டு மறைவில் சேரும் பெட்டிகளும் உண்டு. முட்டையைக் கொத்திக் குடிக்கிற பழக்கம் உள்ள கோழி இருந்தால் அவை அருமை, இல்லையென்றால் அவசியமில்லை.

எதனால் செய்தது என்பதில் எனக்குத் தீர்மானமான ஒரு கருத்து உண்டு. மரம் அழகு, வெப்பத்தையும் குளிரையும் ஓரளவு தடுக்கும், நாமே ஆணி அடித்துத் திருத்தலாம். ஆனால் மர இடுக்குகள் சிவப்பு உண்ணிக்கு அரண்மனை. பகலில் இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் வந்து ரத்தம் குடிக்கும். வெதுவெதுப்பான காலத்தில் ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை பெருகும், தீனி இல்லாமலே பல மாதம் உயிரோடு கிடக்கும். ஆகவே மரக் கூண்டு வாங்கினால் கட்டைகள், பெட்டிகள் எல்லாம் கழற்றி எடுக்கும்படி இருக்க வேண்டும், கட்டையின் முனை உட்காரும் பள்ளம் திறந்திருக்க வேண்டும். தார்ப் பூச்சுள்ள அட்டைக்கூரை வேண்டவே வேண்டாம், அதன் அடியில் புகுந்தால் பிடிக்க முடியாது. பிளாஸ்டிக் கூண்டு கழுவ எளிது, உண்ணிக்கு மறைவிடமும் குறைவு, ஆனால் 12 கோழிக்கு ஆள் நிற்கும் அளவில் கிடைப்பது கடினம். இரும்புச் சட்டமும் தகடும் நீடிக்கும், வெயிலில் சுடும், கூரையடியில் நீர் கோக்கும். கூரைக்கு மட்டுமாவது அடியில் வெப்பத்தடுப்புப் பலகை வையுங்கள், அதைக் கோழி கொத்தாதபடி மூடியிருக்க வேண்டும். என் தேர்வு, தடித்த மரச் சட்டம், தகட்டுக் கூரை, சுவரைத் தாண்டி ஓர் அடியாவது நீட்டிய விளிம்பு.

தரையில் கம்பி வலை போட்ட கூண்டுகளை எடுக்காதீர்கள், கால் புண்ணாகும். மண் தரையானால் மண்ணுக்கு அடியில் வலை விரிக்க வேண்டும். சிமென்ட் தரையில் எலி வளை தோண்டாது. பலகைத் தரையானால் நிலத்திலிருந்து ஓர் அடிக்கு மேல் தூக்கி வையுங்கள், அடியில் கண்ணுக்குத் தெரிகிற வெளி இருந்தால் எலி குடியேறாது. எந்தத் தரையானாலும் மேலே நான்கைந்து அங்குல உலர்ந்த கூளம். ஆழ்கூள முறை என்றால் ஈரமானதைக் கிளறிவிட்டு மேலே புதிதாகத் தூவிக்கொண்டே போய் ஓர் அடி வரை உயர்த்தலாம். அதற்குக் காற்றோட்டம் நன்றாக இருக்க வேண்டும்.

இனி வசதிகள். தானியங்கிக் கதவு நல்ல செலவுதான், ஒருநாள் மாலை வீடு திரும்பத் தாமதமானால் அதன் மதிப்பு தெரியும். வெளிச்சத்தைப் பார்த்து மூடுவதோ நேரம் வைத்து மூடுவதோ, இடையில் கோழி நின்றால் கதவை நிறுத்திவிடும் உணர்வி (சென்சார்) இருக்க வேண்டும். மூடிய கதவை வெளியிலிருந்து தூக்கித் திறக்க முடியக் கூடாது. பக்கவாட்டில் நகரும் கதவின் தண்டவாளத்தில் கூளம் அடைத்துக்கொள்ளும், மேலிருந்து இறங்குவதே மேல். ஆனாலும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள், பிந்தி வந்த கோழியை அது வெளியே விட்டுப் பூட்டிவிடும். சக்கரம் சின்னக் கூண்டுக்குச் சரி. நீங்கள் வாங்கப்போகிற எடைக்கு அது ஈர மண்ணில் புதைவதற்குத்தான். சூடேற்றும் விளக்கு இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், உலர்ந்த கூளமும் தூசியும் உள்ள இடத்தில் அது தீ வைப்பதற்குச் சமம்.

யாரும் விளம்பரம் செய்யாத ஒரு வசதி இருக்கிறது, கூண்டுக்குள் வலைத் தடுப்பும் தனிக் கதவும் உள்ள ஒரு சிறு பகுதி. அடைக்கோழியைக் குஞ்சோடு விட, கொத்துப்பட்டதைப் பிரித்து ஆற்ற, புதுக் கோழியைப் பழையவற்றுக்குப் பார்த்துப் பழக்க இதுதான் உதவும். நோய் இருக்கிறதா என்று புதுக் கோழியைத் தள்ளி வைத்துப் பார்க்கும் ஒரு மாதம் மட்டும் வேறு இடத்தில்தான் வைக்க வேண்டும், ஒரே காற்றில் வைத்தால் பயனில்லை. தீவனத்துக்கு இறுக்கமான மூடியுள்ள உலோகப் பீப்பாய் வாங்குங்கள். 12 கோழி நாளைக்கு ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ தின்னும், 25 கிலோ மூட்டை இரண்டரை வாரம் கூண்டருகே கிடக்கும், எலிக்கு அழைப்பு அனுப்பத் தேவையில்லை. தண்ணீர் சாதாரணமாக மூன்று லிட்டர், கடும் வெயிலில் இரண்டு மடங்கு. அதை நிழலில் வையுங்கள்.

கூண்டை நிறுத்திய அன்று இரவு உள்ளே ஒரு பலமான விளக்கை ஏற்றிவிட்டு வெளியே சுற்றி வாருங்கள். வலை அடித்த இடம் தவிர எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கே விரலை வையுங்கள். விரல் நுழைந்தால் அடைத்தாக வேண்டும். மறுநாள் கோழிகளை உள்ளே விட்டு, ஒரு வாரம் முற்றத்துக்குக்கூடத் திறக்காமல் வையுங்கள். அதற்குள் அடையும் இடம் அதுதான் என்று பழகிவிடும், அப்புறம் அந்தி சாயும்போது நீங்கள் துரத்த வேண்டியதில்லை.